ஒரு ஏக்கரில் டிராகன் பழமா, கொய்யாவா, முருங்கையா?

வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர்கள், அப்பாவின் நிலத்தைக் கையில் எடுத்தவர்கள், கடலையும் சோளமும் கட்டுப்படியாகாமல் மாற்றுப் பயிர் தேடுகிறவர்கள், எல்லோரும் இப்போது கேட்பது ஒரே கேள்விதான்: டிராகன் பழம் போடலாமா? வீடியோவில் ஒருவர் ஏக்கருக்குப் பத்து லட்சம் என்கிறார். பக்கத்து ஊரில் ஒருவர் போட்டுவிட்டு, பழத்தை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று தெரியாமல் நிற்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவருடைய நிலமும் ஒன்றாகக்கூட இருக்கலாம். மாறுவது சந்தையும், போட்ட பணம் யாருடையது என்பதும்தான்.

அதனால் டிராகனை மட்டும் தனியாக வைத்து நல்லதா கெட்டதா என்று பேசிப் பயனில்லை. அதே நிலத்தில், அதே தண்ணீரில் வேறு எதைப் போடலாம், அதோடு பார்த்தால் இது தேறுமா என்று பார்க்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல், கரூர் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு ஏக்கர் செம்மண், ஒரு போர்வெல், கோடையில் தடுமாறுகிற தண்ணீர் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த நிலத்துக்கு டிராகனோடு மல்லுக்கட்டக்கூடியவை கொய்யாவும் செடி முருங்கையும். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் உத்தேசம். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் போடும் பணமும், அதில் முதல் ரூபாய் திரும்பி வருகிற மாதமும். இதை எல்லோரும் கேட்பார்கள்.

யாரும் கேட்காதது, பாதியில் விட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பது. நான்கு வருடம் கழித்து உடம்பு முடியவில்லை, விலை இல்லை, நிலத்தை வேறு பயிருக்கு மாற்ற வேண்டும் என்றால் என்ன செலவு? என்னைக் கேட்டால் கடன் வாங்கி விவசாயம் செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து தண்ணீரும் வெயிலும். அப்புறம் ஆள்: எத்தனை பேர் என்பதோடு, எந்த நேரத்தில், எவ்வளவு பழகிய ஆள் என்பதும் சேர்ந்தது. கடைசியாக விற்பனை. பழம் எத்தனை நாள் காத்திருக்கும், எத்தனை வியாபாரிகள் அதை வாங்குவார்கள், எந்த மாதத்தில் எல்லோருடைய சரக்கும் ஒன்றாக வந்து விழும்? மற்ற நான்கிலும் தேறி இதில் விழுந்தால் மொத்தமும் விழும்.

## டிராகன் பழம்

இது கொடிபோல ஏறும் ஒரு கள்ளிச்செடி. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். தானாக நிற்காது, தாங்க ஒரு தூண் வேண்டும். செலவு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பத்தடிக்கு எட்டடி என்று வைத்தால், வழியெல்லாம் விட்டது போக ஏக்கருக்கு ஏறத்தாழ 500 தூண். ஒவ்வொன்றிலும் நான்கு செடி, ஆக 2,000 செடி. தூண், மேலே வைக்கும் வளையம், குழி, நடுகிற கூலி எல்லாம் சேர்ந்து ஒரு தூணுக்கு ஆயிரம் ரூபாய் என்றாலே ஐந்து லட்சம் ஆகிவிட்டது. கன்று, சொட்டுநீர், தொழு உரம், வேலி சேர்த்தால் ஆறு, ஏழு லட்சத்தில் போய் நிற்கும். கன்று விலை முன்பைவிட நன்றாக இறங்கிவிட்டது. தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கிற செடி என்பதால் இன்னும் இறங்கும். தூண் விலை அப்படி இறங்காது.

ஒன்றரை வருடத்தில் நாலு பழம் காட்டும். கணக்கில் எழுதுகிற மாதிரி விளைச்சல் மூன்றாம் வருடத்தில் வரும், முழு விளைச்சலுக்கு நான்கு ஐந்து வருடம் ஆகும். நன்றாகப் பார்த்துக்கொண்ட தோட்டத்தில் அப்போது ஏக்கருக்கு நான்கைந்து டன் எதிர்பார்க்கலாம். செடி பதினைந்து இருபது வருடம் நிற்கும். நான்கு டன், பண்ணை விலை கிலோ 100 ரூபாய் என்றால் நான்கு லட்சம் வரவு. உரம், கவாத்து (வேண்டாத தண்டை வெட்டிவிடுவது), அறுவடை, மருந்து என்று ஒரு லட்சம் போனால் மூன்று நிற்கும், அருமை. அதே நான்கு டன் கிலோ 50 ரூபாய்க்குப் போனால்? கையில் ஒரு லட்சம். போட்டது ஆறரை லட்சம். அதில் ஆறு லட்சம் பன்னிரண்டு சதவீத வட்டிக் கடன் என்றால் வருட வட்டியே 72,000. விளைச்சல் இல்லாத முதல் இரண்டு வருட வட்டி மட்டும் 1,44,000. வீடியோக்களில் இந்த வட்டி வருவதே இல்லை.

வருமானக் கணக்கு சொல்கிறவர் கன்றும் விற்கிறாரா என்று அவசியம் பாருங்கள். கவாத்தில் வெட்டிய தண்டையெல்லாம் கன்றாக்கி விற்றவருக்கு ஏக்கருக்குப் பத்து லட்சம் வந்திருக்கலாம். அது பழத்தில் வந்த பணம் இல்லை. நீங்கள் நடும்போது அந்த வியாபாரத்துக்கு நீங்கள்தான் வாடிக்கையாளர்.

தண்ணீர் விஷயத்தில் டிராகனைக் குறை சொல்ல முடியாது. கள்ளி இனம் என்பதால் பகலில் இலைத்துளையை மூடிவைத்து இரவில் மூச்சுவிடுகிற செடி, சொட்டுநீரில் கொஞ்சத் தண்ணீரில் ஓடிவிடும். ஆனால் "கள்ளிதானே, வெயில் என்ன செய்யும்" என்று நினைத்துவிடக் கூடாது. பாலைவனக் கள்ளி இல்லை இது, காட்டில் மரத்தின் மேல் ஏறி அரை நிழலில் வளர்ந்தது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி தொடுகிற கரூர், திருச்சி, வேலூர் வெயிலில் தண்டு மஞ்சளாகி வெந்துபோகும், அந்தப் புண் வழியாகப் பூஞ்சாணம் ஏறும். நிழல்வலை போட்டால் செலவு கூடும். மேற்குப் பக்கம் அகத்தி வரிசை வைப்பது மலிவான வழி. இளம் செடிக்கு அது போதும். ஓசூர், கிருஷ்ணகிரி மேட்டுப் பகுதிக்கும் தேனி, கோவை மலையடிவாரத்துக்கும் இந்தத் தொல்லை குறைவு. களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேரும் தண்டும் அழுகும், அதனால் மேட்டுப்பாத்தி கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் கவாத்து செய்து காற்றோட்டம் விடாத தோட்டத்தில் தண்டுப்புள்ளி நோய் வரிசை வரிசையாகப் போகும்.

ஆள் தேவை குறைவு என்பது பாதி உண்மை. தினமும் ஆள் வேண்டாம். ஆனால் முள்ளோடு போராடிக் கவாத்து செய்யப் பழகியவர் வேண்டும். எந்தத் தண்டை வைப்பது எதை எடுப்பது என்று தெரியாத ஆளை விட்டால் அடுத்த வருட விளைச்சலை வெட்டிப் போட்டுவிடுவார். பூ ஒரே ஒரு இரவுதான் விரியும்; சாயங்காலம் மலர்ந்து காலையில் வாடிவிடும். சிவப்புச் சதை ரகங்களில் சில, தன் மகரந்தத்தில் காய் பிடிக்காதவை. அந்த ரகம் மட்டும் வைத்த தோட்டத்தில், வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து, இரவில் டார்ச்சும் பிரஷ்ஷுமாக நீங்கள்தான் நடக்க வேண்டும். இதைச் சொல்லி விற்கிற நர்சரிகள் குறைவு. நம் சந்தையில் சிவப்புச் சதைக்கு மவுசு அதிகம் என்பதால் அதை வைக்கத்தான் வேண்டும். இடையிடையே வேறு ரகத்தில் சில வரிசை கலந்து வையுங்கள்.

இனி விற்பனை. ஜூன் முதல் அக்டோபர், நவம்பர் வரை அலை அலையாகப் பூத்துக் காய்க்கும், பூத்த முப்பது நாளுக்குப் பக்கத்தில் பழம் தயார். பறித்தபின் இது பழுக்காது. காயாகப் பறித்து அனுப்பி வழியில் பழுக்கவைக்கிற வேலை இங்கே நடக்காது, நிறம் வந்து சில நாளுக்குள் பறிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மழையில் வெடிக்கும். வெளியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், குளிர்பதன அறை இருந்தால் இரண்டு மூன்று வாரம். கொய்யாவோடு பார்த்தால் இது பெரிய சௌகரியம்தான். ஆனால் அதே மாதங்களில் கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, குஜராத் சரக்கும் வருகிறது. அந்த மாதங்கள் தாண்டினால் வியட்நாம் பழம் இருக்கிறது. அங்கே இரவில் விளக்குப் போட்டுப் பருவம் இல்லாத காலத்திலும் பூக்க வைக்கிறார்கள். இங்கேயும் சிலர் எல்இடி போடுகிறார்கள். செய்யலாம், ஆனால் இலவச மின்சாரம் மோட்டாருக்கு என்று கொடுத்தது, விளக்குக்கு என்ன இணைப்பு என்று மின்வாரியத்தில் கேட்டபின் கணக்குப் போடுங்கள்.

ஐந்து வருடத்தில் 50,000 ஹெக்டேருக்கு டிராகனை விரிவாக்கும் திட்டத்தை 2022-இல் மத்திய அரசு சொன்னது. அதை அறிவித்தபோது நாட்டில் மொத்தமாக இருந்தது 3,000 ஹெக்டேர் அளவுதான். அதில் பாதி நிறைவேறினாலும் விலை இன்று இருக்கிற இடத்தில் நிற்காது. அதனால் நான் கணக்குப் போடுவது 50, 60 ரூபாயில்தான். அந்த விலையில் உங்கள் கணக்கு நிற்கிறது என்றால் தைரியமாக இறங்குங்கள். 100 ரூபாய் கிடைத்தால்தான் நிற்கும் என்றால் இறங்கவே வேண்டாம்.

### தூணா, ட்ரெல்லிஸா

தனித் தூணில் காற்றோட்டம் நன்றாக இருக்கும், நோய் வந்த தூணைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ட்ரெல்லிஸ் என்றால் வரிசையாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து நெருக்கி நடுவது. செடி எண்ணிக்கை இருமடங்குகூடப் போகும், சீக்கிரம் அதிக விளைச்சல் வரும், முதலீடும் கூடும். கம்பி தரமில்லாவிட்டால் துரு, தொய்வு எல்லாம் வரும், நெருக்கத்தில் தண்டுப்புள்ளியும் வேகமாகப் பரவும். வெளியூரில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் வந்து பார்க்கிறவருக்கு ட்ரெல்லிஸ் சரிப்படாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வேலிக்குப் போடுகிற கல்லுக்கால் சல்லிசாகக் கிடைத்தால் கான்கிரீட் தூணுக்குப் பதில் அதையே நடலாம், உள்ளே கம்பி துருப்பிடிக்கும் பயம் இல்லை. மேலே பழைய டயரை வைப்பது மலிவு. ஆனால் ஆறேழு வருடத்தில் செடி பாரம் ஏறியபின் டயரைத் தாங்கும் கம்பி வளைந்தால், முள் கொடிக்கு நடுவில் நின்று அதை மாற்றுவது நரக வேலை. நல்ல வளையத்துக்கு முதலிலேயே பணம் போடுங்கள்.

## கொய்யா

மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று அடர்நடவு செய்தால் ஏக்கருக்கு 670 கன்று. சொட்டுநீர், குழி, வேலி எல்லாம் சேர்ந்து ஒன்றேகால், ஒன்றரை லட்சத்தில் முடியும். தைவான் பிங்க் ரகம் முதல் வருடமே பூத்துவிடும், அந்தப் பூவைக் கிள்ளிவிட்டுச் செடியைத் தேற்றினால் ஒன்றரை வருடத்தில் விற்கிற மாதிரிக் காய் வரும். லக்னோ 49, அர்கா கிரண் எல்லாம் நம் மண்ணுக்குப் பழகியவை. கொஞ்சம் உப்புத் தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்பு மண் என்றாலும் கொய்யா தாங்கும். கவாத்தைத் தள்ளியும் முந்தியும் செய்து காய்ப்பை உங்களுக்கு வேண்டிய மாதத்துக்கு நகர்த்தலாம். இந்த வசதி டிராகனில் விளக்கு இல்லாமல் கிடையாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பழ ஈ, அணில், கிளிக்கு எதிராக ஒவ்வொரு காய்க்கும் வலையும் கவரும் போட வேண்டும். ஆறு டன் என்றால் ஏறத்தாழ இருபதாயிரம் காய். பொருளும் கூலியும் சேர்ந்து காய்க்கு இரண்டரை ரூபாய் என்றால் ஐம்பதாயிரம் அங்கே போச்சு. இரண்டாவது, தோட்டத்தையே காலி செய்கிற விஷயம்: வேர்முடிச்சு நூற்புழு. தமிழ்நாட்டுக் கொய்யாவை இது நன்றாகவே பதம் பார்த்திருக்கிறது. பெரும்பாலும் நர்சரி மண்ணோடுதான் வருகிறது. கன்று வாங்கும்போது நாலைந்து பையைக் கிழித்து வேரைப் பாருங்கள், முடிச்சு இருந்தால் அந்த நர்சரியில் ஒரு கன்றும் வாங்காதீர்கள். கிழிக்க விடமாட்டேன் என்றாலும் அதேதான். வந்தபின் வேப்பம் புண்ணாக்கும் உயிர் பூஞ்சாணமும் போட்டுத் தாக்குப்பிடிக்கலாம், ஒழிக்க முடியாது.

காய் மூன்று நான்கு நாள்தான் நிற்கும். காய்ப்பு நாளில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது பறிக்க ஆள் வேண்டும். விலை 15 முதல் 40 வரை ஆடும். ஆனால் வாங்க ஆள் இல்லை என்ற நிலை வராது. பழனி பக்கத்து ஆயக்குடி மாதிரிக் கொய்யாவுக்கென்றே வியாபாரிகள் வந்து நிற்கும் ஊர் இருக்கிறது, எங்கும் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு வாசலில் கூடையில் வைத்தாலும் விற்றுவிடும். டிராகனை அப்படி எல்லா இடத்திலும் விற்க முடியாது.

## செடி முருங்கை

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 விதை ஏக்கருக்கு 200 கிராம் இருந்தால் போதும். இரண்டரை மீட்டர் இடைவெளியில் 640 குழி. சொட்டுநீர் ஏற்கனவே இருந்தால் மொத்தமே முப்பது, நாற்பதாயிரத்தில் முடியும், ஆறாம் மாதம் காய் வரும். மறுதாம்புக்கு, அதாவது மறுபடி துளிர்த்துக் காய்க்க, வெட்டிவிட்டு மூன்று வருடம் ஓட்டலாம். பிடிக்கவில்லையா, டிராக்டர் விட்டு உழுதுபோடுங்கள். வெளியேறும் செலவு ஒரு நாள் வாடகைதான்.

அப்புறம் ஏன் எல்லோரும் முருங்கை போட்டுப் பணக்காரர் ஆகவில்லை? விலை. கார்த்திகை, மார்கழியில் கிலோ நூறைத் தாண்டும்; அந்த நேரத்தில் உங்கள் மரத்திலும் காய் இருக்காது, மழையில் பூ கொட்டியிருக்கும். பங்குனி, சித்திரையில் மரம் நிறையக் காய் இருக்கும்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஐந்து, பத்து ரூபாய்க்கு இறங்கும், பறிகூலிகூட வராமல் மரத்திலேயே விட்ட வருடங்கள் உண்டு. காய் போகாத நாளில் இலையை வாங்கிக்கொள்ளும் பொடி நிறுவனம் பக்கத்தில் இருந்தால் இந்தப் பயிரின் கதையே வேறு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | டிராகன் பழம் | கொய்யா | செடி முருங்கை |
|---|---|---|---|
| ஏக்கருக்கு முதலீடு | 6–7 லட்சம் | 1.25–1.5 லட்சம் | 30–40 ஆயிரம் |
| உருப்படியான முதல் வரவு | மூன்றாம் வருடம் | ஒன்றரை வருடம் | ஆறு மாதம் |
| பாதியில் விட்டால் | தூண் பிடுங்கக் கூலி. தூண் பாதி விலைக்கும் கஷ்டம் | மரம் எடுக்கும் செலவு | ஓர் உழவு |
| தண்ணீர் | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு |
| கடும் வெயில் | நிழல் வேண்டும் | தாங்கும் | தாங்கும் |
| ஆள் | குறைவு, ஆனால் பழகியவர் | காய்ப்பில் அடிக்கடி | பறிப்புக்கு மட்டும் |
| பறித்தபின் | ஒரு வாரம் | 3–4 நாள் | 2–3 நாள் |
| பெரிய ஆபத்து | பருவத்தில் விலைச் சரிவு | நூற்புழு | கோடையில் விலைச் சரிவு |

## யாருக்கு எது

டிராகன் போடலாம் என்று நான் சொல்வது இவர்களுக்கு: கையில் சொந்தப் பணம் இருக்கிறது, மூன்று வருடம் அந்த நிலத்தை நம்பி அடுப்பு எரிய வேண்டியதில்லை, தண்ணீர் உண்மையிலேயே குறைவு, நிலம் ஒரு நகரத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓசூர்க்காரர் அதிகாலையில் பெங்களூரு சிங்கேன அக்ரஹாரா மார்க்கெட்டுக்குப் போய் வந்துவிடலாம். கோவையில் இருப்பவர் அபார்ட்மெண்ட்டுகளுக்கும் பழக்கடைகளுக்கும் நேரடியாகப் பெட்டி போட்டுக் கொடுக்கலாம். மண்டியில் 50 ரூபாய்க்குப் போகிற பழம் நேரடியாக 120-க்கு விற்பது இந்தப் பயிரில் நடக்கிற விஷயம், ஏனென்றால் வாங்குகிறவர்கள் எல்லாம் நகரத்தில் இருக்கிறார்கள். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை இப்படி விற்க முடிந்தாலே கணக்கு மாறிவிடும்.

தினமும் தோட்டத்தில் இருக்கிற குடும்பம், வீட்டில் இரண்டு மூன்று கை இருக்கிறது, தண்ணீர் பரவாயில்லை என்றால் கொய்யாதான். வருமானம் பிரமாதமாக இருக்காது, ஆனால் வாராவாரம் காசு வரும். பள்ளிக்கூடக் கட்டணமும் கூட்டுறவுக் கடனும் இருக்கிற வீட்டுக்கு அந்த வாரக் காசுதான் முக்கியம்.

கடன் இருக்கிறது, நிலம் குத்தகை, அல்லது விவசாயமே புதிது என்றால் முருங்கையில் தொடங்குங்கள், ஊடே சின்ன வெங்காயமோ கடலையோ போட்டுக்கொள்ளுங்கள். குத்தகை நிலத்தில் டிராகன் தூண் நடவே கூடாது. வாய்ப்பேச்சுக் குத்தகையை நம்பி ஆறு லட்சத்தை இன்னொருவர் மண்ணில் புதைப்பது எந்த விலையிலும் நியாயமில்லை.

மானியத்துக்காக மட்டும் டிராகனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தோட்டக்கலைத் துறையில் அதற்கு உதவி உண்டு, ஆனால் தொகையும் ஒதுக்கீடும் வருடத்துக்கு வருடம் மாறும், நட்டு முடித்தபின் போனால் கிடைக்காமலும் போகும். தூண் வாங்குவதற்கு முன்பே வட்டார தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், தமிழக அரசின் உழவன் செயலியில் பதிந்து வையுங்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம் மூன்று பயிருக்கும் பொது. சிறு குறு விவசாயி சான்றிதழ் இல்லாவிட்டால் அதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் முடிவு வரவில்லை, ஆனால் டிராகன் ஆசை போகவில்லை என்றால் பத்து சென்ட்டில் ஐம்பது தூண் மட்டும் போடுங்கள், சிவப்பு இரண்டு ரகம், வெள்ளை ஒரு ரகம். மீதி நிலத்தில் முருங்கை ஓடட்டும். முதல் இரண்டு கோடையில் உங்கள் மண்ணும் வெயிலும் அந்தச் செடியை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாம் வருடம் கிடைக்கிற பழத்தை மண்டிக்கு அனுப்பாமல், நீங்களே வண்டியில் வைத்துக்கொண்டுபோய் விற்றுப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் எல்லோருடைய பழமும் குவிந்திருக்கும்போது விற்றுப் பாருங்கள், அப்போது கிடைக்கிற விலையை வைத்து மீதித் தொண்ணூறு சென்ட்டுக்குத் தூண் ஆர்டர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். கன்றுக்கு அதற்குள் செலவே இருக்காது, உங்கள் ஐம்பது தூணில் வெட்டிய தண்டே போதும்.